ஒரே மெட்டு, மூன்று காதுகள்: இசைக்காரர்களின் ரசனை ஏன் ஒத்துப்போவதில்லை?

ஜாஸ் இசைக்கு ஒரு பிதாமகனைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலானவர்கள் லூயி ஆம்ஸ்ட்ராங்கைத்தான் சொல்வார்கள். 1925 முதல் 1928 வரை அவர் தன் சிறு குழுக்களோடு, பெரும்பாலும் சிகாகோவில், பதிவு செய்த இசைத்தட்டுகளை இன்றும் ஜாஸ் மாணவர்கள் சுரம் சுரமாகக் கேட்டு மனப்பாடம் செய்கிறார்கள். அந்த ஆம்ஸ்ட்ராங் தனக்கு மிகவும் பிடித்த குழு என்று பலமுறை சொன்னது கை லொம்பார்டோவின் நடனக் குழுவை. கனடாவிலிருந்து வந்த அந்தக் குழுவின் சாக்ஸஃபோன்கள் குழைந்து குழைந்து இனிக்கும். ஜாஸ் விமர்சகர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது. அவர்களைப் பொறுத்தவரை அது வயதானவர்கள் கைகோத்து ஆடுவதற்கான சப்பை இசை.

ஆம்ஸ்ட்ராங் இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மெட்டை நேராக வாசித்தே இவ்வளவு நன்றாக ஒலிக்கச் செய்யும் வேறு குழு கிடையாது என்பது அவர் கருத்து. விமர்சகர் அந்தக் குழுவிடம் தேடியது புதுமை, துடிப்பு, துணிச்சல். டிரம்பெட்டை உதட்டில் வைத்துப் பிழைத்த ஆம்ஸ்ட்ராங் கேட்டதோ சுருதி, நாதம், நாலைந்து பேர் ஒரே மூச்சாக ஒரு வரியை வாசிக்கும் ஒழுங்கு. அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

இசைக்காரர்களின் ரசனையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். அவர்கள் கேட்பது தொழில் காதால். தினமும் எந்த வேலையில் தன் உழைப்பு போகிறதோ, அந்த வேலை அடுத்தவர் இசையில் எப்படி நடந்திருக்கிறது என்றுதான் அந்தக் காது முதலில் பார்க்கும். மேற்கத்திய செவ்வியல் இசை, ஜாஸ், பாப் மூன்றிலும் கருவிகள் கிட்டத்தட்ட ஒன்றே, சுரங்களும் ஒன்றே. உழைப்பு போகும் இடம்தான் வேறு.

ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். 1959 நவம்பரில் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு ஓர் இசை நாடகம் வந்தது, 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'. இசை ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், பாடல் வரிகள் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். அதில் 'மை ஃபேவரிட் திங்ஸ்' என்று ஒரு பாட்டு. நம்மில் பலர் 1965இல் வந்த திரைப்படத்தில் ஜூலி ஆண்ட்ரூஸ் பாடித்தான் அதைக் கேட்டிருப்போம். மூன்று மூன்றாக எண்ணும் வால்ட்ஸ் தாளம். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது போலத் தோன்றும், ஆனால் கீழே கார்ட் மாறிக்கொண்டே வருவதால் ஒவ்வொரு முறையும் நிறம் மாறும். (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதைத்தான் கார்ட் என்கிறோம்.) சோகச் சாயலில் தொடங்கி, கடைசி வரியில் வெளிச்சத்துக்கு வந்து முடியும். கச்சிதமான வேலை. ராட்ஜர்ஸ் தன் பாட்டை எழுதியபடியே பாட வேண்டும் என்பதில் கறாரானவர். பாடகர்கள் இஷ்டத்துக்கு வளைத்தால் அவருக்குக் கோபம் வரும்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1960 அக்டோபரில் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அந்த மெட்டை சோப்ரானோ சாக்ஸஃபோனில் பதிவு செய்தார். (நமக்குக் கத்ரி கோபால்நாத் மூலம் பழகிய சாக்ஸஃபோன் ஆல்ட்டோ வகை. சோப்ரானோ அதைவிட உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். கோல்ட்ரேன் கையில் அது கிட்டத்தட்ட ஷெனாய் மாதிரி கேட்கும்.) மேடையில் சில நிமிடங்களில் முடியும் பாட்டு அவரிடம் ஏறக்குறைய 14 நிமிடம் போகிறது. ராட்ஜர்ஸ் பார்த்துப் பார்த்து அடுக்கிய கார்ட் மாற்றங்களைக் கோல்ட்ரேன் மெட்டு வரும் இடங்களில் மட்டும் தொடுகிறார். மற்ற நேரமெல்லாம் மெக்காய் டைனர் பியானோவில் மிகச் சில கார்டுகளையே மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் அவர் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே போகிறார். பின்னால் டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ் அந்த மூன்றுத் தாளத்தைத் துண்டு துண்டாக்கித் திரும்பச் சேர்க்கிறார்.

2019இல் அதே மெட்டு மறுபடி வந்தது. அரியானா கிராண்டே தன் 'செவன் ரிங்ஸ்' பாட்டில் அதை எடுத்துக்கொண்டு, வரிகளை மாற்றி, கனமான எலக்ட்ரானிக் தாளத்தின் மேல் பாதிப் பாட்டாகவும் பாதிப் பேச்சாகவும் கொடுத்தார். அமெரிக்கப் பட்டியலில் நேராக முதல் இடம். எழுத்துரிமை வருமானத்தில் 90 சதவீதம் ராட்ஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் பங்குக்குப் போகும்படி ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. இருவரும் இறந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

ராட்ஜர்ஸுக்கு அந்த மெட்டு முடிந்துபோன ஒரு படைப்பு. கோல்ட்ரேனுக்கு அது தொடங்குமிடம். கிராண்டேவின் தயாரிப்பாளர்களுக்கு, கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு முகம். இதில் எது உயர்த்தி என்று கேட்டால் எனக்கும் ஒரு பதில் உண்டு (கோல்ட்ரேன்தான், சந்தேகமே இல்லை). ஆனால் அந்தப் பதிலால் பெரிய பயன் இல்லை. மூன்றிலும் காது எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொள்வது அதைவிட உபயோகம்.

முதலில் செவ்வியல் இசைக்காரரின் காது. அவருக்கு முன்னால் எப்போதும் இசைக்குறிப்பு எழுதிய தாள் இருக்கிறது. சுரங்களை வேறு யாரோ, அநேகமாக நூறு இருநூறு வருடத்துக்கு முன்னால், முடிவு செய்துவிட்டார்கள். அப்படியானால் வாத்தியக்காரருக்கு என்னதான் வேலை மிச்சம்? கனடா நாட்டுப் பியானோக் கலைஞர் கிளென் கூல்டைக் கேட்டால் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' என்ற படைப்பை அவர் 1955இல் பதிவு செய்தார், ஏறக்குறைய 38 நிமிடம். 1981இல் மறுபடி பதிவு செய்தார், 51 நிமிடம். அதே மனிதர், அதே படைப்பு. சில பகுதிகளைத் திருப்பி வாசித்ததால் கொஞ்சம் நீண்டது, மீதியெல்லாம் வேகமும் இடைவெளியும். முதலாவதில் ஓர் இளைஞரின் பாய்ச்சல், இரண்டாவதில் ஒவ்வொரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று யோசிக்கும் மனம். எது சிறந்தது என்று பியானோக்காரர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். வெளியாளுக்கு அந்தச் சண்டை வினோதமாகத்தான் இருக்கும். அவர்களுக்கு அதுதான் தொழில்: அழுத்தம், வேகம், நாதம், ஒரு வாக்கியத்தை எங்கே மூச்சுவிட்டு முடிப்பது.

இன்னொன்று நீளம். ஒரு சிம்பொனி அரை மணியோ அதற்கு மேலோ ஓடும். தொடக்கத்தில் வந்த சிறு துணுக்கு இருபது நிமிடம் கழித்து வேறு சுருதியில், வேறு கருவியில் தலைகாட்டும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் (1808) அந்தப் புகழ்பெற்ற நாலு சுரத் தட்டல் முதல் பகுதியோடு நிற்காமல் மூன்றாம் பகுதியிலும் நாலாம் பகுதியிலும் வந்து எட்டிப்பார்க்கிறது. செவ்வியல் காது இதற்காக நினைவில் வைத்துக்கொண்டே கேட்கப் பழகியது. அந்தக் காதோடு 14 நிமிட ஜாஸ் வாசிப்பைக் கேட்டால், இவர் எங்கேதான் போகிறார், எதற்காக இவ்வளவு பேசுகிறார் என்று தோன்றலாம். பாப் பாட்டைக் கேட்டால், இப்போதுதானே ஆரம்பித்தது, அதற்குள் முடித்துவிட்டார்களே என்று தோன்றும்.

தாள் மேல் இருக்கும் இந்தப் பற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி நல்ல உதாரணம். ஜாஸ் குடும்பத்து இசையை அவர் முதலில் அறிந்தது கேட்டு அல்ல, படித்து. ஸ்விட்சர்லாந்து ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டர் எர்னஸ்ட் ஆன்செர்மே அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அச்சுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, 1918இல் 11 கருவிகளுக்கு ஒரு 'ராக்டைம்' (ஜாஸுக்கு முன்னோடியான பாணி அது) எழுதினார். வாசிக்கப்பட்டதை அல்ல, எழுதப்பட்டதையே தான் எடுத்துக்கொண்டதாக அவரே பின்னால் சொன்னார். கேட்டுப் பாருங்கள், சுவாரசியமான சரக்குதான். ஆனால் தாளில் ஏறாத ஒன்று அதில் இல்லை. அந்த ஒன்றுதான் ஜாஸ்காரர்களுக்கு உயிர்.

அதை ஸ்விங் என்பார்கள். நாலு தட்டுக்கு எட்டு சுரம் வருகிறது என்றால் தாளில் எட்டும் சமமாகத்தான் எழுதியிருக்கும். வாசிக்கும்போது ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது சற்று நீளும், இரண்டாவது சற்றுக் குறுகும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு இல்லை, ஆளுக்கு ஆள், வேகத்துக்கு வேகம் மாறும். கூடவே, கைதட்டுகிறவர்கள் ஒன்றிலும் மூன்றிலும் தட்டாமல் இரண்டிலும் நாலிலும் தட்டுவார்கள். இந்த இரண்டையும் சரியாகப் பிடிக்கவே ஜாஸ் மாணவர்களுக்கு வருடங்கள் ஆகின்றன. அதனால்தான் ஒரு ஜாஸ்காரர் புதியவரைக் கேட்டதும் முதலில் கவனிப்பது என்ன சுரம் வாசித்தார் என்பதை அல்ல, எந்த இடத்தில் வைத்தார் என்பதை.

அடுத்தது அமைப்பு. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு ஜாஸ் அமைப்பு சுலபமாகவே பிடிபடும். நாம் பல்லவியை எடுத்துக்கொண்டு ஆவர்த்தனத்துக்குள் கல்பனாஸ்வரம் பாடுவோம், எங்கே போனாலும் எடுப்புக்கு வந்து சேர வேண்டும். ஜாஸிலும் முதலில் எல்லோரும் மெட்டை வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தனியாக வாசிப்பார்கள். கடைசியில் மெட்டு திரும்ப வரும். தனி வாசிப்பின்போது மெட்டு காதில் விழாவிட்டாலும் அதன் சட்டகம் அடியில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வடிவம்) என்றால் பெரும்பாலும் 12 பார், பழைய பிராட்வே பாட்டு என்றால் பெரும்பாலும் 32 பார். பார் என்பது தாளத்தின் ஒரு சிறு அலகு, சாதாரணமாக நாலு தட்டு. பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு: நமக்கு ராகம் ஒன்றே நிற்கும், அங்கே கார்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். வாசிப்பவர் ஒவ்வொரு கார்டுக்கும் பொருந்தும் சுரங்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அது எவ்வளவு பயங்கரமான வேலை என்பதற்கு ஒரு பதிவுச் சான்றே இருக்கிறது. 1959 மே மாதம் கோல்ட்ரேன் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' என்ற தன் மெட்டைப் பதிவு செய்தார். அதில் மூன்று சுருதிகளுக்கு நடுவே பாட்டு தாவித் தாவிச் சுற்றும், ஒரு நொடிக்குள்ளேயே கார்ட் மாறிவிடும். கோல்ட்ரேன் அதைப் பல காலம் சாதகம் செய்து வைத்திருந்தார். பியானோவில் இருந்த டாமி ஃப்ளானகன் சாதாரண ஆள் இல்லை, ஆனால் அந்த வேகத்துக்கு அவருக்குத் தயாராக அவகாசம் கிடைக்கவில்லை. அவர் முறை வந்ததும் வாக்கியங்கள் தடுமாறி, நடுநடுவே அறுந்து, கடைசியில் வெறும் கார்டுகளாகச் சுருங்கிவிடுவது இசைத்தட்டில் அப்படியே இருக்கிறது. 1982இல் ஃப்ளானகன் அதே மெட்டைத் தன் சொந்த இசைத்தட்டில் அழகாக வாசித்தார். ஜாஸ்காரர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். இசை படிக்காத ஒருவருக்கு 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஏதோ அவசரத்தில் ஓடுவது போலத் தோன்றினால் அதில் தப்பே இல்லை. அது கொஞ்சம் இசைக்காரர்களுக்கான இசைதான்.

இப்படிப் பழகிய காதுக்குக் கர்நாடக இசை இழுப்பாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. பிரிட்டிஷ் ஜாஸ் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அப்புறம் வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயகராம், தபலா ஜாகீர் உசேன் ஆகியோரோடு அவர் சேர்ந்து அமைத்த சக்தி குழுவின் முதல் இசைத்தட்டு 1976இல் வந்தது. கடத்தில் வரும் கணக்கும் கிதாரில் வரும் பதிலும் எங்கே ஒட்டுகின்றன என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே ஜாஸ் காதோடு பாப் பாட்டைக் கேட்டால்? நாலே கார்ட், மாறாத தாளம், தனி வாசிப்பு எட்டு பார் அல்லது அதுவும் இல்லை. "இதில் வாசிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். உண்மைதான், வாசிக்க அதிகம் இல்லை. பாப் இசையின் உழைப்பு வாசிப்பில் போவதில்லை, ஒலியில் போகிறது.

இது பலருக்கும் தோன்றாத விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். செவ்வியல் இசையில் படைப்பு என்பது தாள். ஜாஸில் படைப்பு என்பது அன்றைய இரவின் வாசிப்பு. பாப்பில் படைப்பு என்பது இசைத்தட்டு. பாடகரின் குரல் மைக்குக்கு எவ்வளவு அருகில் இருந்தது, டிரம்மின் ஒலி அறையில் எப்படி எதிரொலித்தது, எந்த இடத்தில் ஒரு கருவி உள்ளே வந்து எந்த இடத்தில் நின்றது, இவையெல்லாம் சேர்ந்ததுதான் பாட்டு. பீட்டில்ஸ் குழுவின் 'பென்னி லேன்' கேளுங்கள். 1967 ஜனவரியில் பால் மெக்கார்ட்னி தொலைக்காட்சியில் பாக் எழுதிய இரண்டாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவைப் பார்த்தார். அதில் டிரம்பெட் உச்சத்தில் மின்னியது அவருக்குப் பிடித்துப்போனது. சில நாட்களில் அதை வாசித்த டேவிட் மேசனையே ஸ்டுடியோவுக்கு வரவழைத்தார்கள். மெக்கார்ட்னிக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. அவர் பாடிக்காட்ட, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தாளில் எழுதிக்கொடுக்க, மேசன் பிக்கலோ டிரம்பெட்டில் (உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் சிறிய டிரம்பெட்) வாசித்தார். பாக்கிடம் மெக்கார்ட்னி கேட்டது பல குரல் பின்னலையோ கட்டுமானத்தையோ அல்ல. அந்த ஒலி நிறத்தை. பாப்காரரின் தொழில் காது அது.

பாப்பில் வாசிக்க எதுவும் இல்லை என்று முகம் சுளித்த ஜாஸ்காரர்கள் பலர் பாப்பை வாசித்தே சாப்பிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய பெர்ரி கோர்டி முதலில் 1953இல் ஒரு ஜாஸ் இசைத்தட்டுக் கடை வைத்தார். ஜாஸ் அவருக்கு உயிர். கடைக்கு வந்தவர்கள் ப்ளூஸ் கேட்டார்கள், கடையை மூட வேண்டியதாயிற்று. பிறகு 1959இல் அவர் நிறுவனம் தொடங்கியபோது வாசிக்கச் சேர்த்தது பெரும்பாலும் அந்த ஊர் ஜாஸ் கிளப்களில் வாசித்துக்கொண்டிருந்தவர்களை. அவர்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பாஸ் கிதார் வரிகளைப் பிரித்துப் பார்த்தால், எளிய பாப் பாட்டின் அடியில் ஒரு ஜாஸ் பாஸ்காரர் ஓயாமல் உரையாடிக்கொண்டிருப்பது தெரியும். அதேபோல, மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982) தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் அடிப்படையில் ஜாஸ் டிரம்பெட்காரர். 1957இல் பாரிஸுக்குப் போய், புகழ்பெற்ற செவ்வியல் ஆசிரியை நாடியா பூலான்ஜேவிடம் படித்தவர்.

இதுவரை சொன்னதை வைத்து, செவ்வியல்காரருக்கு இது பிடிக்கும், ஜாஸ்காரருக்கு அது பிடிக்கும் என்று பெட்டி போட்டு அடைக்கக் கிளம்பினால் சீக்கிரமே சிக்கிக்கொள்வோம். தொழில் காது இசை வகையைப் பார்ப்பதில்லை, வேலையைப் பார்க்கிறது. அதனால் வேலி தாண்டித்தான் மேயும்.

1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் ஆர்னெட் கோல்மன் என்ற சாக்ஸஃபோன்காரர் வாசிக்கத் தொடங்கினார். கார்ட் சட்டகத்தையே கழற்றிவிட்டு வாசித்தார். ஜாஸ் உலகம் இரண்டாகப் பிளந்தது. மூத்த டிரம்பெட்காரர் ராய் எல்ட்ரிட்ஜ், ஆள் ஏமாற்றுகிறார் என்றே சொல்லிவிட்டார். இன்னொரு பெரிய டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸும் கடுமையாகப் பேசினார். அதே கிளப்புக்கு வந்து சொக்கிப்போனவர் யார் தெரியுமா? நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் இசை இயக்குநர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன். அவர் கார்டுகளின் மேல் வாசித்துப் பிழைப்பவர் இல்லை. கார்ட் போனால் அவருக்கு எதுவும் போகவில்லை. எல்ட்ரிட்ஜுக்கோ முப்பது வருட வித்தையின் தரையே அதுதான்.

பெர்ன்ஸ்டைன் 1967 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ராக் இசை பற்றி ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பீட்டில்ஸ் பாட்டுகளில் தாளக்கணக்கும் சுருதியும் எதிர்பாராமல் மாறும் இடங்களை எடுத்துக்காட்டிக் குழந்தை போலச் சந்தோஷப்பட்டார். அதே வருடம், இன்னொரு செவ்வியல் மேதை (நாம் மேலே பார்த்த கிளென் கூல்ட்தான்) பாப் இசை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பீட்டில்ஸை மட்டம் தட்டினார். வானளாவப் புகழ்ந்தது பெட்டுலா கிளார்க் என்ற ஆங்கிலப் பாப் பாடகியை. ஒன்டாரியோவின் வடக்கே நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது ரேடியோவில் அவர் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு மயங்கியதாக எழுதியிருக்கிறார். கூல்டுக்கு மோட்ஸார்ட்டின் பிற்காலப் படைப்புகளும் பிடிக்காது, அதைப் பற்றியே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி செய்தவர். ஆக, ஒரே வருடத்தில், ஒரே துறையில், இருவர் இரண்டு துருவம். இதை வைத்துச் 'செவ்வியல் இசைக்காரர்களின் பாப் ரசனை' என்று யாராவது பொதுவிதி எழுதட்டும் பார்க்கலாம்.

சார்லி பார்க்கர் பற்றி ஒரு கதை உலவுகிறது. 1940களில் பீபாப் என்ற வேகமான, சிக்கலான ஜாஸ் பாணியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். ஸ்ட்ராவின்ஸ்கி மேல் பித்து, கடைசிக் காலத்தில் எட்கார் வரேஸ் என்ற நவீன செவ்வியல் இசையமைப்பாளரிடம் மாணவராகச் சேர விரும்பியவர். அப்படிப்பட்டவர் நியூயார்க்கில் இசைக்காரர்கள் கூடும் ஒரு மதுக்கடையில், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியில், கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட) பாட்டுகளைக் கேட்பாராம். கூட இருந்தவர்கள் திகைத்துப்போய் ஏன் இதைக் கேட்கிறீர்கள் என்றதற்கு, அதில் வரும் கதைகளைக் கவனியுங்கள் என்றாராம். கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, இசைக்காரர்கள் இதை ஆசையாகத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மைல்ஸ் டேவிஸ் 1985இல் மைக்கேல் ஜாக்சனும் சிண்டி லாப்பரும் பாடிப் பிரபலமாக்கிய இரண்டு பாட்டுகளைத் தன் இசைத்தட்டில் வாசித்தபோது, விலைபோய்விட்டார் என்று பழைய ரசிகர்கள் சிலர் புலம்பினார்கள். 1961இல் இதே மைல்ஸ் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற இசைத்தட்டின் தலைப்புப் பாட்டு, வால்ட் டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் கார்ட்டூன் படத்தில் (1937) வருவது. அதை யாரும் விலைபோனது என்று சொல்லவில்லை. ஜாஸ்காரர்கள் இன்று பக்தியோடு வாசிக்கும் பழைய மெட்டுகளில் பெரும்பகுதி அந்தந்தக் காலத்து நாடகப் பாட்டு, சினிமாப் பாட்டு. அதாவது பாப். முப்பது வருடம் ஆனால் போதும், கௌரவம் தானாக வந்துவிடுகிறது.

இங்கேதான் காது மட்டும் போதாது, வேறு சரக்கும் ரசனையில் கலந்திருக்கிறது என்பது தெரிகிறது. 1946இல் லியனார்ட் ஃபெதர் என்ற விமர்சகர் 'மெட்ரோனோம்' பத்திரிகையில் கண்கட்டுச் சோதனை என்று ஒரு பகுதி தொடங்கினார். பின்னால் அது 'டவுன் பீட்' பத்திரிகைக்குப் போனது. ஒரு கலைஞரைக் கூப்பிட்டு, யார் வாசித்தது என்று சொல்லாமல் இசைத்தட்டுகளைப் போடுவார். கேட்பவர் யாராக இருக்கும் என்று ஊகித்து, கருத்துச் சொல்லி, நட்சத்திரம் கொடுக்க வேண்டும். பெயர் தெரியாததால் நாகரிகத்துக்காகப் புகழ முடியாது. 1964இல் மைல்ஸ் இதில் உட்கார்ந்தபோது சாக்ஸஃபோன்காரர் எரிக் டால்ஃபியைக் கிழித்த கிழி இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் மறக்க முடியாதது ராய் எல்ட்ரிட்ஜ் வந்த சோதனை. கறுப்பரின் வாசிப்பையும் வெள்ளையரின் வாசிப்பையும் கேட்டதுமே தன்னால் பிரித்துச் சொல்லிவிட முடியும் என்று அவர் பந்தயம் கட்டினார். தோற்றார். அவர் பெரிய காது உள்ளவர், பொய்யாகப் பெருமை அடித்தவர் இல்லை. வெள்ளையர் குழுக்களோடு ஊர் ஊராகப் போனபோது ஓட்டலில் இடம் மறுக்கப்பட்டு, வாசிக்கப்போன அரங்கத்திலேயே உள்ளே விட மறுக்கப்பட்டு அவமானப்பட்டவர். அந்த வேற்றுமை வாழ்க்கையில் அத்தனை உண்மையாக இருக்கும்போது ஒலியிலும் இருக்கத்தான் வேண்டும் என்று அவர் நம்பியது புரிகிறது. ஒலியில் அது பிடிபடவில்லை. பிற்காலத்தில் அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்கள் ஆளெடுக்கும்போது வாசிப்பவருக்கும் தேர்வாளருக்கும் நடுவே திரை கட்டத் தொடங்கியதும், காதோடு கண்ணும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிடுமோ என்ற சந்தேகத்தால்தான்.

பணமும் உண்டு. 1930களில் ஜாஸ்தான் பாப், நாடே அதற்கு ஆடிக்கொண்டிருந்தது. 1960களில் ராக் வந்து கிளப்களையும் ரேடியோவையும் பிடித்துக்கொண்டபோது வேலை இழந்த ஜாஸ்காரர் ராக்கை ரசிக்கவில்லை என்றால், அதைக் காதின் தீர்ப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, இப்போதுதான் கேட்கத் தொடங்குபவர் என்ன செய்யலாம்? கோல்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்' போட்டுக்கொண்டு, முதல் முறை சாக்ஸஃபோனைக் கவனிக்காதீர்கள். மூன்று மூன்றாகத் தொடையில் தட்டிக்கொண்டு பியானோவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தட்டு கைவிட்டுப் போகாத அளவுக்குப் பழகியதும் டிரம்முக்குப் போங்கள், கடைசியாகச் சாக்ஸஃபோன். பீத்தோவன் ஐந்தை முழுதாகக் கேட்கும்போது அந்த நாலு தட்டல் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவது ஒன்றே போதும், அரை மணி நேரம் போவது தெரியாது. பாப் பாட்டு என்றால் நல்ல ஹெட்ஃபோன் போட்டு, ஒரே ஒரு கருவியைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பின்தொடருங்கள். மோடவுன் பாட்டுகளில் பாஸ் கிதாரிலிருந்து தொடங்குவது என் சிபாரிசு. பிடிக்காமல் போனாலும் போகட்டும். கை லொம்பார்டோவை நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஆம்ஸ்ட்ராங் சொன்ன நாதம் தெரிகிறது, ஆனாலும் மூன்று பாட்டுக்கு மேல் தாங்கவில்லை.